பிஎல்சி நெட்வொர்க்கில் ஐபி முகவரியும் சப்நெட் மாஸ்க்கும்: கணக்கிலிருந்து கமிஷனிங் வரை

புதிய எச்எம்ஐயை (மெஷினை இயக்குபவருக்கான திரை) பேனலில் பொருத்தியாயிற்று. கேபிள் சரி, சுவிட்சில் லிங்க் விளக்கு எரிகிறது, முகவரியும் பிஎல்சியின் (மெஷினை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) முகவரிக்குப் பக்கத்து எண்தான். ஆனாலும் திரையில் 'தொடர்பு இல்லை' என்றே வருகிறது. இப்படி ஒரு நேரத்தில் முதலில் கேபிளை மாற்றுவார்கள், அப்புறம் சுவிட்ச் போர்ட்டை மாற்றுவார்கள், கடைசியில் புரோகிராமையே சந்தேகப்படுவார்கள். முகவரிக்குக் கீழே இருக்கும் கட்டத்தில் 255 என்று தொடங்கும் அந்த எண்ணை, அதாவது சப்நெட் மாஸ்க்கை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த எண் தன்னால் நிரம்பிவிடும் என்பதால் அதை வெறும் சடங்காகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. உண்மையில் ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பதே அதுதான். ஒவ்வொரு சாதனமும் அந்தத் தீர்மானத்தைத் தன் சொந்த மாஸ்க்கை மட்டும் வைத்து, தனியாக எடுக்கிறது. எதிர்முனையில் என்ன மாஸ்க் இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. பிஎல்சி நெட்வொர்க்குகளில் வரும் வினோதமான கோளாறுகளில் பல இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

முகவரி, மாஸ்க்: அடிப்படை

ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ள ஒரே எண். படிக்க வசதியாக எட்டெட்டு பிட்டாக நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதுகிறோம். (ஐபியின் நான்காம் பதிப்பைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஆலைத் தளங்களில் இன்றும் பெரும்பாலும் புழங்குவது அதுதான்.)

மாஸ்க்கும் 32 பிட் எண்தான், ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இடமிருந்து வரிசையாக 1-கள், அவை முடிந்த பிறகு கடைசி வரை 0-கள். நடுவில் கலக்கக் கூடாது. அதனால் மாஸ்க்கின் ஒரு துண்டில் 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்ற ஒன்பது மதிப்புகள் மட்டுமே வர முடியும். வேறு எந்த எண்ணைப் பார்த்தாலும் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். அவசரத்தில் 255-ஐ 225 என்று அடிப்பது சகஜம். எல்லாச் சாதனங்களும் அதைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பக் கூடாது.

மாஸ்க்கில் 1 இருக்கும் இடங்கள் முகவரியின் நெட்வொர்க் பகுதி. 0 இருக்கும் இடங்கள் அந்த நெட்வொர்க்குக்குள் தனிச் சாதனத்தைக் குறிக்கும் பகுதி. 255.255.255.0 என்றால் 24 ஒன்றுகள். அதையே சுருக்கமாக /24 என்று எழுதுகிறோம். மீதமுள்ள 8 பிட்டில் 256 முகவரிகள் கிடைக்கும். முதலாவது நெட்வொர்க்கின் பெயருக்கும், கடைசி பிராட்காஸ்ட்டுக்கும் (எல்லாச் சாதனங்களுக்கும் ஒன்றாக அனுப்பும் செய்தி) போய்விடுவதால் சாதனங்களுக்கு 254 மிஞ்சும். மாஸ்க்கில் ஒரு பிட் கூட்டினால் இடம் பாதியாகும்: /25-க்கு 126, /26-க்கு 62, /27-க்கு 30, /28-க்கு 14. ஒரு பிட் குறைத்தால் இரட்டிப்பாகும்: /23-க்கு 510. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நாலு நாள் புழங்கினால் தானாகவே வந்துவிடும்.

இங்கே கொஞ்சம் பழைய கதையும் தேவைப்படுகிறது, ஏனென்றால் அதன் மிச்சம் இன்னும் நம் லேப்டாப்பில் இருக்கிறது. 1981-இல் ஐபி வரையறுக்கப்பட்டபோது மாஸ்க் என்று தனியாக ஒன்று இல்லை. முதல் எண்ணைப் பார்த்தே நெட்வொர்க் பெரியதா சிறியதா என்று வகுப்பு பிரித்தார்கள். சப்நெட் பிரிக்கும் முறை 1985-இல் வந்தது. வகுப்பையே ஒதுக்கிவிட்டு மாஸ்க்கை மட்டும் நம்பும் முறை 1993-இல் வந்தது. ஆனால் விண்டோஸின் பழைய ஐபி அமைப்புப் பெட்டியில் 10.20.4.200 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மாஸ்க் 255.0.0.0 என்று தானாக நிரம்பும். 172 என்று தொடங்கினால் 255.255.0.0 வரும். வகுப்புக் காலத்து ஊகம் அது. உங்கள் ஆலை நெட்வொர்க் /24 ஆக இருக்கும்போது அந்த ஊகத்தை அப்படியே விட்டுவிட்டால், 10 என்று தொடங்கும் அத்தனை முகவரிகளும் தன் பக்கத்திலேயே இருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்ளும். பக்கத்துப் பிஎல்சி கிடைக்கும், அடுத்த லைனில் உள்ளது கிடைக்காது.

கணக்கை ஒரு முறையாவது கையால் போடுங்கள்

ஒரு பிஎல்சியின் முகவரி 192.168.10.70, மாஸ்க் 255.255.255.192 என்று வைத்துக்கொள்வோம். அது 192.168.10.120-இல் உள்ள டிரைவோடும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்), 192.168.10.130-இல் உள்ள எச்எம்ஐயோடும் பேச வேண்டும். முதல் மூன்று துண்டுகளும் ஒன்றுதான், அவற்றை விட்டுவிடலாம். கடைசித் துண்டை மட்டும் இரும எண்ணாக விரித்தால்:

மாஸ்க் 192 → 11000000
பிஎல்சி 70 → 01000110
டிரைவ் 120 → 01111000
எச்எம்ஐ 130 → 10000010

மாஸ்க்கில் 1 உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 0 ஆக்க வேண்டும். பிஎல்சிக்கு 01000000, அதாவது 64. டிரைவுக்கும் 64. எச்எம்ஐக்கு 10000000, அதாவது 128. ஆக, பிஎல்சியின் பார்வையில் டிரைவ் உள்ளே இருக்கிறது, எச்எம்ஐ வெளியே இருக்கிறது. 70-க்கும் 130-க்கும் இடையே எண்ணளவில் பெரிய தூரம் இல்லை என்பதற்கெல்லாம் இங்கே மதிப்பில்லை.

தளத்தில் நின்றுகொண்டு இருமம் விரித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி: 256-இலிருந்து மாஸ்க்கின் கடைசித் துண்டைக் கழியுங்கள். 256 − 192 = 64. அதுதான் ஒரு தொகுதியின் அளவு. தொகுதிகள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்கும். 70 விழுவது 64-இல் தொடங்கும் தொகுதியில். அதன் எல்லை 127. அதனால் சாதனங்களுக்கு 65 முதல் 126 வரை கிடைக்கும். மாஸ்க் 224 என்றால் தொகுதி 32, 240 என்றால் 16. இந்த ஒரு கழித்தலை வைத்தே பெரும்பாலான சந்தேகங்களைத் தீர்த்துவிடலாம்.

உள்ளே என்று முடிவானால் சாதனம் என்ன செய்யும்? அந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி (சாதனத்தின் நெட்வொர்க் வன்பொருளுக்கு உரிய எண்) எது என்று ஏஆர்பி முறையில் நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். பதில் வந்ததும் நேராக அனுப்பிவிடும். வெளியே என்று முடிவானால் எதிர்முனையைத் தேடவே தேடாது. பாக்கெட்டைக் கேட்வேயிடம், அதாவது வேறு நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரிடம் கொடுக்கும். கேட்வே அமைக்கப்படாமல் 0.0.0.0 என்று இருந்தால், பாக்கெட் அங்கேயே சாகும். அந்த எச்எம்ஐ அதே சுவிட்சில் அடுத்த போர்ட்டில் செருகியிருந்தாலும் இதுதான் நடக்கும்.

போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று

இனி வருவதுதான் ஆளைச் சுற்ற வைக்கும் இடம். ஒரு ஸ்காடா சர்வர் (ஆலை முழுவதையும் கண்காணிக்கும் கணினி): 10.20.5.20, மாஸ்க் 255.255.254.0. ஒரு லைன் பிஎல்சி: 10.20.4.15, மாஸ்க் 255.255.255.0. இரண்டும் ஒரே சுவிட்ச் அமைப்பில் இருக்கின்றன.

சர்வரின் மாஸ்க் /23. அதன் பார்வையில் நெட்வொர்க் 10.20.4.0-இல் தொடங்கி 10.20.5.255 வரை போகிறது. பிஎல்சி அதற்குள்தான் வருகிறது. எனவே சர்வர் ஏஆர்பி கேட்கிறது, பிஎல்சி தன் மேக் முகவரியைச் சொல்கிறது, பாக்கெட் நேராகப் போய்ச் சேர்கிறது. பிஎல்சி பதில் அனுப்ப முனையும்போது தன் மாஸ்க்கைப் பார்க்கிறது. /24. அதன் நெட்வொர்க் 10.20.4.0 முதல் 10.20.4.255 வரை மட்டும். 10.20.5.20 அதற்கு வெளியே. அதனால் பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கிறது.

கேட்வே இல்லையென்றால் சர்வரில் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) பதிலில்லாமல் காலாவதியாகும். கோளாறு பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால் இது நல்ல நிலைமை. மோசமான நிலைமை, கேட்வே சரியாக இருப்பது. பிஎல்சி அனுப்பிய பதிலை ரவுட்டர் வாங்கி, அதே பக்கம் திருப்பி சர்வரிடம் சேர்த்துவிடும். எல்லாம் வேலை செய்கிறது. கமிஷனிங் (ஓட்டிச் சோதித்து ஒப்படைக்கும் வேலை) முடிந்து கையெழுத்தும் ஆகிவிடும். பிறகு என்றோ ஒருநாள் ஐடி பிரிவினர் பராமரிப்புக்காக ரவுட்டரை நிறுத்துவார்கள். ரவுட்டரோடு எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாத, ஒரே சுவிட்சில் உள்ள இரண்டு சாதனங்கள் பேசுவதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மாஸ்க்கைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

அதனால் முகவரியைச் சரிபார்க்கும்போது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். இவன் பார்வையில் அவன் உள்ளேயா, அவன் பார்வையில் இவன் உள்ளேயா என்று இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். இரண்டும் 'உள்ளே' என்றாலோ, இரண்டும் 'வெளியே' என்று வந்து இருபுறமும் கேட்வே இருந்தாலோ சரி. ஒன்று உள்ளே, மற்றொன்று வெளியே என்று வந்தால், இப்போதைக்கு ஓடினாலும் அது கோளாறுதான்.

கேட்வே

கேட்வே முகவரி அந்தச் சாதனத்தின் சப்நெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே போக வழி காட்டுகிறவனை உள்ளே இருந்து தொட முடியாவிட்டால் பயனில்லை. மேலே பார்த்த /26 பிஎல்சிக்கு 192.168.10.1-ஐக் கேட்வே என்று கொடுத்தால் அது 0-இல் தொடங்கும் தொகுதியில் போய் விழுகிறது. 192.168.10.65 போல ஏதாவது ஒன்று வேண்டும்.

மெஷின் தனியாக ஓடும்வரை கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் உற்பத்தித் தரவு மேலே போக வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். அப்போது சர்வரிலிருந்து கேள்வி வரும், பிஎல்சியிடமிருந்து பதில் போகாது. ஆகவே ரவுட்டரே இல்லாத மெஷினிலும் கேட்வேக்கு ஒரு முகவரியை ஒதுக்கி, எல்லாச் சாதனங்களிலும் இப்போதே எழுதிவிடுவது என் பழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் லைனில் நாற்பது சாதனங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு கட்டத்தை நிரப்புவது யாருக்கும் பிடித்த வேலையல்ல.

முகவரித் திட்டம்

முதல் மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே இதை எழுதி முடித்திருக்க வேண்டும். தனியார் பயன்பாட்டுக்கென்று ஆர்எஃப்சி 1918 ஆவணம் 1996-இல் மூன்று தொகுதிகளை ஒதுக்கியது: 10 என்று தொடங்கும் அனைத்தும்; 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றுக்கு வெளியே உள்ள முகவரிகளை ஆலைக்குள் பயன்படுத்தாதீர்கள். பழைய நெட்வொர்க்குகளில் யாரோ மனம்போன போக்கில் வைத்த முகவரிகள் இன்னும் ஓடுவதுண்டு. இணையத்தோடோ தலைமை அலுவலகத்தோடோ இணைக்கும் நாளில்தான் வினை வரும்.

பெரிய ஆலைக்கு 10-இல் தொடங்கும் தொகுதி வசதி. அதில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் முகவரிகள் இருப்பதால் கஞ்சத்தனம் தேவையில்லை. இரண்டாவது துண்டை ஆலைக்கோ கட்டடத்துக்கோ, மூன்றாவதை லைனுக்கோ மெஷினுக்கோ வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு /24 கொடுத்துவிடலாம். இருபது சாதனங்களுக்கு 254 இடமா என்று கேட்பார்கள். முகவரிக்கு விலை கிடையாது, மறுபடி எண் போடும் வேலைக்குத்தான் விலை அதிகம்.

கடைசித் துண்டில் ஓர் ஒழுங்கு வைத்து, அதை எல்லா மெஷின்களிலும் அப்படியே பின்பற்றுங்கள். உதாரணமாக 1 கேட்வேக்கு, 2 முதல் 9 வரை சுவிட்சுகளுக்கு, 10-களில் பிஎல்சி, 20 முதல் 39 வரை எச்எம்ஐ, 40 முதல் 99 வரை டிரைவ், 100 முதல் 199 வரை ரிமோட் ஐ/ஓ (சென்சார், வால்வுகளைப் பிஎல்சியோடு இணைக்கும் மாட்யூல்), 200-க்கு மேல் கேமரா, ஸ்கேனர். 240-க்கு மேல் உள்ளதைப் பராமரிப்பு லேப்டாப்புகளுக்கு என்று விட்டுவிடுங்கள், வேறு எதற்கும் தராதீர்கள். எண்கள் எவையாக இருந்தாலும் பரவாயில்லை. நள்ளிரவில் அலாரத்தில் 10.20.7.43 என்று பார்த்ததும், ஏழாவது லைனின் டிரைவ் என்று யோசிக்காமலே தெரிய வேண்டும்.

சில சமயம் ஐடி பிரிவு ஒரே ஒரு /24-ஐக் கையில் கொடுத்து, நாலு மெஷினுக்கும் இதிலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். அப்போது /26 ஆகப் பிரியுங்கள்: 0, 64, 128, 192 என்று நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 62 இடம், கேட்வேக்கள் 1, 65, 129, 193. கணக்கு சரிதான், ஆனால் எல்லா மெஷினிலும் பிஎல்சி 10 என்ற அழகு போய்விடும். வாதாடிப் பெரிய தொகுதி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள்.

எதிர்த்திசையில் போவதும் தவறு. 255.255.0.0 போட்டுவிட்டால் எல்லாமே எல்லாவற்றோடும் பேசும், எதற்குத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஏஆர்பி கேள்வியும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் ஆலையின் அத்தனை சாதனங்களையும் தட்டி எழுப்பும். கணினிக்கு இது பொருட்டல்ல. ஆனால் சிறிய டிரைவ்களிலும் பழைய ஐ/ஓ மாட்யூல்களிலும் உள்ள நெட்வொர்க் சில்லுக்கு அவ்வளவு திராணி இருக்காது. ஒரு மூலையில் கேபிள் சுழற்சி (கேபிளின் இரு முனைகளும் ஒரே நெட்வொர்க்கில் செருகப்படுவது) ஏற்பட்டால் அத்தனை லைனும் ஒன்றாக நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: மாஸ்க் பாதுகாப்புச் சுவர் அல்ல. ஒரே சாதாரண சுவிட்சில் இரண்டு சப்நெட்டுகளைச் செருகினால் அவை பேசிக்கொள்ளாமல் இருக்கலாம், ஆனால் பிராட்காஸ்ட் இரண்டுக்கும் போகும். யாராவது லேப்டாப்பில் முகவரியை மாற்றினால் நேராக உள்ளே நுழைந்துவிடலாம். பிரிவினை உண்மையாக வேண்டுமென்றால் ஒவ்வொரு சப்நெட்டுக்கும் தனி விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பு) வேண்டும். இடையில் ரவுட்டரோ ஃபயர்வாலோ நின்று எது போகலாம் என்று சொல்ல வேண்டும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் சைபர் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலை பேசும் மண்டலப் பிரிவுக்கும் சப்நெட் எல்லை பொருந்திப் போகும்படி திட்டமிட்டால் பின்னால் வேலை குறையும்.

எட்ஜ் கணினி (மெஷின் அருகிலேயே தரவைக் கையாளும் கணினி) வைக்கப் போகிறீர்களானால் 172.17-ஐத் தவிர்த்துவிடுங்கள். டாக்கர் மென்பொருள் தன் உள் நெட்வொர்க்குக்கு வழக்கமாக 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும். ஆலையிலும் அதே தொகுதி இருந்தால், அந்தக் கணினி பிஎல்சியைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

சாதனத்திலும் லேப்டாப்பிலும் முகவரி எழுதுவது

பெட்டியிலிருந்து எடுக்கும் சாதனம் எந்த முகவரியில் வரும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. ஓம்ரான் என்ஜே வகைக் கன்ட்ரோலர் 192.168.250.1, மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யு 192.168.3.250, சீமென்ஸ் டிஐஏ போர்ட்டலில் புதிதாகச் சேர்க்கும் பிஎல்சிக்கு 192.168.0.1. ராக்வெல்லின் பல ஈதர்நெட்/ஐபி (ஒரு தொழிற்சாலை நெட்வொர்க் நெறிமுறை) மாட்யூல்களில் மூன்று சுழல் சுவிட்சுகள் இருக்கும். அவற்றை 001 முதல் 254 வரை வைத்தால் 192.168.1 என்ற நெட்வொர்க்கில் அந்த எண் முகவரியாகிவிடும். இவை எல்லாம் /24 என்று எடுத்துக்கொண்டால் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது என்பது கணக்கு போடாமலே தெரியும். நான்கு தயாரிப்பாளர்களின் சாதனம் உள்ள மெஷினில் முதல் வேலை, எல்லாவற்றையும் திட்டத்துக்குள் கொண்டுவருவதுதான்.

லேப்டாப்பை அந்தந்த இயல்பு நெட்வொர்க்குக்கு மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதில், விண்டோஸின் மேம்பட்ட ஐபி அமைப்பில் ஒரே ஈதர்நெட் போர்ட்டுக்குப் பல முகவரிகள் சேர்க்கலாம். 192.168.250.240, 192.168.3.240, 192.168.0.240 மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்வேயை மட்டும் அந்தப் போர்ட்டில் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் இணையத்துக்குப் போக வேண்டிய பாக்கெட் பேனலுக்குள் போய் முட்டும்.

அதே லேப்டாப்பின் வைஃபையைக் கவனியுங்கள். அலுவலக வைஃபை 192.168.1 என்ற நெட்வொர்க்கைக் கொடுத்து, மெஷினும் 192.168.1-இல் இருந்தால் இரண்டு போர்ட்டுகளும் ஒரே சப்நெட்டுக்கு உரிமை கொண்டாடும். விண்டோஸ் தனக்குச் சரியென்று படும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பிஎல்சி கிடைக்கவில்லை என்றால் வைஃபையை அணைத்துப் பார்ப்பது முதல் ஐந்து நொடிச் சோதனை. இரண்டு தனித்தனி நெட்வொர்க் போர்ட் உள்ள பிஎல்சிகளுக்கும் இதே விதிதான்: இரண்டும் வெவ்வேறு சப்நெட்டில் இருக்க வேண்டும்.

எச்எம்ஐ திரைகளில் இன்னொரு வம்பு உண்டு. சில திரைகள் முகவரியை 192.168.001.010 என்று மூன்று மூன்று இலக்கமாகக் காட்டும். அதைப் பார்த்து லேப்டாப்பில் அப்படியே பிங் அடித்தால், விண்டோஸ் முன்னால் 0 உள்ள எண்ணை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு 010-ஐ 8 என்று படிக்கும். பிங் 192.168.1.8-க்குப் போகும். திரையில் வரும் பதில் வரியைக் கவனித்தால் மட்டுமே தெரியும்.

தானாக முகவரி வாங்கும் முறையில் வரும் ஈதர்நெட்/ஐபி சாதனங்களுக்குக் கருவி மென்பொருள் மூலம் முகவரி கொடுத்த பிறகு, பூட்பி அல்லது டிஎச்சிபியை நிறுத்திவிட்டு நிலையான முகவரிக்கு மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் அன்று முழுக்க நன்றாக ஓடும். அடுத்த முறை மின்சாரம் போய் வரும்போது சாதனம் மறுபடி முகவரி கேட்டுக் காத்திருக்கும். நல்ல சுவிட்சுகளில் போர்ட்டை வைத்து முகவரி தரும் வசதி உண்டு. எந்தச் சாதனத்தை அந்தப் போர்ட்டில் செருகினாலும் அதே ஐபி கிடைக்கும். பழுதான சாதனத்தை லேப்டாப் இல்லாமல் மாற்ற வேண்டிய இடங்களில் இது கைகொடுக்கும்.

எல்லா நெறிமுறையும் மாஸ்க்கைக் கேட்பதில்லை

மோட்பஸ் டிசிபி 502-ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் வாசலின் எண்), ஈதர்நெட்/ஐபியின் இணைப்புப் பேச்சு 44818-இல் நடக்கும். இவை ஐபி மேல் ஓடுபவை, மேலே சொன்ன கணக்கு முழுவதும் பொருந்தும். ப்ராஃபிநெட்டின் நிகழ்நேரத் தரவு அப்படியல்ல. அது மேக் முகவரியை வைத்து நேராகப் போகிறது, ஐபியைத் தொடுவதே இல்லை. அதனால் ரவுட்டரைத் தாண்டவும் முடியாது. அங்கே சாதனத்தை அடையாளம் காட்டுவது அதற்கு வைத்த பெயர். பிஎல்சி அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, ஐபியைத் தானே கொடுத்துவிடும். புதிய சாதனத்தில் ஐபியை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிட்டால் பிங் வரும், பிஎல்சியில் சிவப்பு விளக்கும் எரியும். ஈதர்கேட்டும் ஐபி இல்லாமலே ஓடுவது.

பொறியியல் மென்பொருளில் சாதனம் பட்டியலில் தெரிகிறது, ஆனால் டவுன்லோட் ஆக மறுக்கிறது என்ற புகாரின் காரணமும் இங்கேதான். ப்ராஃபிநெட்டின் தேடல் மேக் அளவிலேயே நடப்பதால், தவறான ஐபி உள்ள சாதனமும் பட்டியலில் வந்துவிடும். டவுன்லோட் ஐபி வழியாக நடப்பதால் நின்றுவிடும். பட்டியலில் தெரிவதை வைத்து முகவரி சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரே முகவரியோடு ஐந்து மெஷின்கள்

மெஷின் செய்பவர்கள் ஒரே புரோகிராமை ஐந்து மெஷினிலும் ஏற்றி அனுப்புவார்கள். ஐந்திலும் பிஎல்சி 192.168.1.10. அவர்கள் வசதிக்கு அது நியாயம்தான். முகவரியை மாற்றச் சொன்னால் உத்தரவாதம் போய்விடும் என்பார்கள். இதற்கு ஒவ்வொரு மெஷின் வாசலிலும் ஒரு நேட் சாதனம் வைத்து, உள்ளே உள்ள 192.168.1.10-ஐ வெளியே 10.20.1.10, 10.20.2.10 என்று ஒன்றுக்கு ஒன்றாக மொழிபெயர்ப்பது வழக்கம். பிஎல்சியின் கேட்வேயாக அந்த நேட் சாதனத்தின் உள்முகவரி இருக்க வேண்டும். நேட் சாதனம் அனுப்புநர் முகவரியையும் மாற்றித் தந்தால் மட்டும் இது தேவைப்படாது. இல்லாவிட்டால் பதில் திரும்பாது, மறுபடி அதே கதை.

நேட் இல்லாமல் சமாளிக்க முடிந்தால் அதுவே மேல். சில நெறிமுறைகள் தரவுக்குள்ளேயே ஐபியைச் சுமந்து செல்லும், அவை குழம்பும். தவிர, ஒரே சாதனத்துக்கு இரண்டு முகவரி என்பது ஆவணத்தில் இல்லையென்றால் அடுத்து வருபவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நிற்பார். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே முகவரித் திட்டத்தைச் சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலியே வராது.

கிடைக்கவில்லை என்றால் எந்த வரிசையில் பார்ப்பது

பிங் முடிவை 'வந்தது, வரவில்லை' என்று மட்டும் படிக்காதீர்கள். விண்டோஸில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் வெளியே போனது, பதில் வரவில்லை. எதிர்முனையின் கேட்வேயையோ மாஸ்க்கையோ ஃபயர்வாலையோ பாருங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், அதைச் சொல்வது யார் என்று வரியின் தொடக்கத்தில் பாருங்கள். உங்கள் லேப்டாப்பின் சொந்த முகவரி அங்கே இருந்தால், சாதனம் உள்ளே இருப்பதாக நினைத்து ஏஆர்பி கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். ரவுட்டரின் முகவரி இருந்தால், கடைசி ரவுட்டர்வரை போய் அங்கே தேடிக் கிடைக்கவில்லை.

லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி சர்வர் கிடைக்காமல் அது தானாக வைத்துக்கொண்ட முகவரி. கேபிள் நன்றாக இருக்கிறது, நிலையான முகவரி எழுத மறந்திருக்கிறீர்கள்.

ஒரு முகவரி காலியாக இருக்கிறதா என்று பார்க்க பிங் மட்டும் போதாது. ஃபயர்வால் உள்ள கணினி பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் ஏஆர்பிக்குச் சொல்லியே தீரும். அதனால் பிங் அடித்த கையோடு லேப்டாப்பின் ஏஆர்பி பட்டியலைத் திறந்து அந்த ஐபிக்கு எதிரே மேக் முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த இடத்தில் ஆள் இருக்கிறது.

விட்டு விட்டு வரும் தொடர்பு, குறிப்பாக யாரோ புதிதாக ஏதோ செருகிய பிறகு தொடங்கியது என்றால், ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகப்படும் சாதனத்தின் கேபிளைக் கழற்றுங்கள், ஏஆர்பி பட்டியலை அழித்துவிட்டு மறுபடி பிங் அடியுங்கள். கழற்றிய பிறகும் பதில் வந்தால், பதில் சொல்வது வேறொருவர். அவருடைய மேக் முகவரியின் முதல் மூன்று துண்டுகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். நிர்வகிக்கும் வசதியுள்ள சுவிட்ச் என்றால் அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்றும் சொல்லிவிடும்.

பிங் வருகிறது, பிஎல்சியோடு பேச முடியவில்லை என்றால் மாஸ்க்கை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. நடுவில் உள்ள ஃபயர்வாலில் 502 அல்லது 44818, சீமென்ஸ் என்றால் 102 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், முகவரியை எழுதிய பிறகு சாதனத்தை ஒருமுறை அணைத்து எழுப்பினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல டிரைவ்கள் புதிய ஐபியைத் திரையில் காட்டிக்கொண்டே, அடுத்த மின்தொடக்கம் வரை பழைய ஐபியில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.